முதலாளிக்கு ஒரு துணி எலி

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. ஒரு வார இதழின் வீட்டுப் பக்கத்துக்கு, பூனைக்குக் கேட்னிப் கொடுப்பது எப்படி என்று கட்டுரை கேட்டிருந்தார்கள். கேட்னிப் என்பது புதினாவுக்கு உறவுக்காரச் செடி. காய்ந்த இலையை மோந்தால் பல பூனைகள் உருண்டு புரளும். பாதி எழுதியிருந்தபோது அக்கா வந்து எட்டிப் பார்த்தாள்.

“இது நம்ம முதலாளிக்கு ஆகுமாடா?”

கட்டுரை அங்கேயே நின்றுபோனது.

2

‘அத்தான் இறந்த நாளிலிருந்து முதலாளி சிரிப்பதை...’

(பூனை எந்தக் காலத்தில் சிரித்தது? வரியை அடித்துவிட்டேன்.)

முதலாளி எங்கள் பூனை. அக்காவின் தையல் கடையில், துணி வெட்டும் மேஜை மேல் உட்கார்ந்து வருகிறவர்களை முறைப்பான். அத்தான் வைத்த பெயர். அத்தான் மாரடைப்பில் போனதும் அவருடைய செருப்பின் மேல் போய்ப் படுத்தவன்தான். சோறு பாதி இறங்கும், விளையாட்டு கிடையாது. அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை.

“இதுவும் போயிட்டா அந்த வீட்டுல நான் யார்கிட்டடா பேசுவேன்?” என்றாள்.

நான் இருக்கிறேனே என்று சொல்லியிருக்கலாம். வேறு வீட்டில் இருக்கிறவன் எந்த வாயோடு சொல்வது?

3

மிருக டாக்டரம்மா பொறுமைசாலி.

“தாராளமா குடுங்க. ஒரு சிட்டிகை போதும். பத்து நிமிஷம் ஆடும், அப்புறம் திரும்பிக்கூடப் பாக்காது. உடனே எடுத்து உள்ள வெச்சிடுங்க. அதிகமா தின்னா வாந்தி எடுக்கும். எண்ணெயா விக்கிறது மட்டும் வேணாம், வீரியம் ஜாஸ்தி.”

“பழக்கமாயிடுமா டாக்டர்?”

“அதெல்லாம் ஆகாதும்மா.”

(அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: சில பூனைகளை இந்த இலை அசைக்கவே அசைக்காது. சின்னக் குட்டிகளையும் அப்படித்தான். இந்த இடத்தில் ஒரு வேடிக்கை எழுதி வைத்திருந்தேன். இப்போது படித்தால் எரிச்சலாக வருகிறது, எடுத்துவிட்டேன்.)

4

அத்தானின் பழைய சட்டை ஒன்றை வெட்டி அக்கா ஒரு துணி எலி தைத்தாள். வயிற்றுக்குள் ஒரு சிட்டிகை இலை. தையல்காரி அதோடு விடுவாளா? எலிக்கு வால் வேண்டாமா என்று பட்டு நூலைப் பின்னி ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கவிட்டாள். முடிச்சை இழுத்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள்.

முதலாளி மோந்தான். கன்னத்தைத் தேய்த்தான். பிறகு மல்லாந்து, எலியை அணைத்துக்கொண்டு, பின்னங்காலால் உதை உதையென்று உதைத்தான். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனையோ மாதம் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆட்டம் ஓய்ந்ததும், “எடுத்து வெச்சிடுக்கா” என்றேன்.

“பாவம்டா. அதுல அவர் வாசனை இருக்கு. கட்டிக்கிட்டுத் தூங்கட்டுமே.”

‘நான் பிடிவாதமாக எலியைப் பிடுங்கி அலமாரியில்...’

(நான் பிடுங்கவில்லை. நீங்கள் இருந்தாலும் பிடுங்கியிருக்க மாட்டீர்கள்.)

காலையில் எலி இருந்தது, வால் இல்லை. மத்தியானம் முதலாளி வாந்தி எடுத்தான்.

5

விழுங்கிய நூல் குடலைச் சுருக்கிப் பிடித்திருக்கிறதாம். உள்ளே அறுவை நடக்கிறது. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?

“என்னடா எழுதுற?”

“முதலாளியப் பத்திதான்.”

“பொழைச்சிட்டான்னு எழுது.”

“தெரியாம எப்படிக்கா எழுதுறது?”

“நீ எழுதுறதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டா எழுதுற?”

தரையைப் பார்த்தபடி அவளே தொடர்ந்தாள்.

“இலையப் பத்தி அத்தனை கேட்டேனேடா. நூலப் பத்தி நான் யாரப் போய்க் கேக்கறது? அது என் தொழிலாச்சே.”

6

முடிவு ஒன்று: முதலாளி தையலோடு வீடு திரும்பி, மேஜை மேல் ஏறி, முதல் வாடிக்கையாளரை...

முடிவு இரண்டு: அத்தானின் செருப்பையும் சேர்த்துக் குழியில் வைத்து அக்கா...

இரண்டும் வேண்டாம். கதவு திறக்கிறது. டாக்டரம்மா முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே வருகிறார். முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பூனையை என்ன செய்வீர்களோ, அது உங்கள் மனசு. அக்காவைக் குற்றவாளியாக்கி மட்டும் முடித்துவிடாதீர்கள்.

அவள் எழுந்துவிட்டாள். என் பக்கமாகச் சாய்கிறாள். பிடிக்க எனக்கு இரண்டு கையும் வேண்டு