உத்திரமேரூருக்கு ஒரு சாண் முன்னால்

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இனாயத்துல்லா அதை வெள்ளிக்கிழமைதோறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். காஞ்சிபுரத்தில் கிளம்பும் ரயில் மாகறலில் செய்யாற்றுப் பாலம் ஏறி இறங்கும். பச்சைத் துண்டு விரித்த நெல்வயலை ஒட்டி வளையும். கண்ணாடித் துண்டு பதித்த ஏரியில் தன் நிழலைப் பார்த்துக்கொண்டே வரும். உத்திரமேரூர் ஸ்டேஷனுக்கு ஒரு சாண் இருக்கையில் இரண்டு தடவை விக்கி, நின்றுவிடும்.

ரயிலா, உத்திரமேரூருக்கா என்று கேட்பீர்கள். நிஜத்தில் கிடையாதுதான். பஸ்ஸில் போய்த்தான் ரயிலைப் பார்க்க வேண்டும். அதனாலேயே பஜார் தெருவில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் மனுஷர், தோட்டத்துப் பக்க அறையில் இடுப்புயரக் கால்களின் மேல் மூன்று ப்ளைவுட் பலகையைச் சேர்த்துப் போட்டு, முழங்கை நீளம்கூட இல்லாத ஒரு ரயிலைத் தன் ஊருக்கு வரவழைத்தார். வரவழைத்தார் என்று சொல்வதுகூடப் பொய். அதுதான் ஒரு சாண் பாக்கி இருக்கிறதே.

தண்டவாளம் வழியாகத்தான் இந்த வண்டிக்குக் கரண்ட். ஆகவே ஜாயின்ட்டில்தான் கோளாறு என்று முதல் வெள்ளி அவர் தீர்ப்பு எழுதினார். பற்றுவைத்ததையெல்லாம் சுரண்டி மறுபடி பற்றுவைத்தார். விரல் சுட்டதுதான் மிச்சம். அடுத்த வெள்ளி, ஜன்னல் வழியே அடிக்கும் மேற்கு வெயிலில் இரும்பு நீண்டுவிடுகிறது என்று கண்டுபிடித்து, இடைவெளி விட்டு அறுத்தார். அதற்கடுத்த வெள்ளி அந்த ஒரு சாணையே பெயர்த்துவிட்டுப் புதுத் தண்டவாளம் போட்டார். வண்டி ஸ்டேஷனுக்குள் வந்தேவிட்டது. அவர் பத்து சுற்று விட்டுப் பார்த்து, பிரியாணி தின்று, நிம்மதியாகத் தூங்கினார். அடுத்த வெள்ளி பழைய குருடி கதவைத் திறடி என்று அதே இடத்தில் நின்றது.

மோட்டார் சாமான் வாங்க வந்த சாலவாக்கம் வெங்கடேசன் கடையில் இதைக் கேட்டுச் சிரித்தார். "உடு பாய். நெசத்துலயும் வரல, பொம்மையிலயும் வரல. நம்ம ஊருக்கு அந்த யோகம் இல்ல."

வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் அது இனாயத்துல்லாவுக்குச் சுருக்கென்றது. மத்தியானத்தில் கண்ணயர்ந்தால் அவர் அந்த ரயிலில்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். காற்றில் நாற்று வாசம் வரும். ஏரித் தண்ணீர் கூடவே ஓடிவரும். யாரும் டிக்கெட் கேட்க மாட்டார்கள். ஸ்டேஷன் போர்டின் முதல் எழுத்து தெரியும்போது வண்டி விக்கும், விழிப்பு வந்துவிடும். கனவிலும் ஊர் வந்து சேராத மனுஷனை வேறு யாரும் பார்த்திருக்க முடியாது.

போதாததற்கு மகள் ஷாஹிஸ்தா பிரசவத்துக்கு வருகிறாள். சனிக்கிழமை அழைத்து வர வேண்டும். வீட்டில் காற்று வரும் அறை, ரயில் ஓடும் அந்தத் தோட்டத்து அறை ஒன்றுதான். அவர் மனைவி வகிதா, வெங்காயம் நறுக்கிக்கொண்டே கெடு விதித்தாள்.

"வெள்ளிக்கெயம சாய்ங்காலம் ஒரு சுத்து முய்சா வரட்டும், நான் வாயத் தொறக்கல. வரலன்னா கயட்டிப் பரண்ல போட்டுருங்க. ஓடாத வண்டிக்கு எதுக்கு ஒரு ரூமு?"

அதில் நியாயம் இல்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை. சரி என்றார். அறுபது வயதில் ஒரு பொம்மைக்காக அழுகை வருவதை யாரிடம் போய்ச் சொல்வது?

வியாழன் மாலை மக்ரிப் தொழுதுவிட்டு எப்போதும் கடைக்குத்தான் திரும்புவார். அன்றைக்குக் கால் கடைக்குப் போக மறுத்தது. கழற்றத்தான் போகிறோம், ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று வீட்டுக்கு வந்தார். வியாழன் மாலை வகிதா வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவாள். வாசலிலேயே புகை எதிர்கொண்டது.

தோட்டத்து அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே புகை இடுப்பளவுக்கு நின்றது. வயலும் பாலமும் மார்கழிப் பனியில் கிடப்பதுபோல் கிடந்தன. வகிதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கொட்டாங்குச்சிக் கங்கு போட்ட சாம்பிராணிக் கரண்டியை வலமாகக் கொண்டுவந்தாள். காஞ்சிபுரத்தில் நிற்கவில்லை. மாகறலில் நிற்கவில்லை. உத்திரமேரூர் வந்ததும் நின்றாள். தண்டவாளத்துக்கு நாலு விரல் உயரத்தில் கரண்டியைப் பிடித்து, இன்னும் ஒரு சிட்டிகை தூவினாள்.

"யா அல்லா, எந்தக் கண்ணு பட்டுதோ. இந்த மனுசன் வண்டிய ஊர் வந்து சேத்துரு. நான் வாயால சொன்னத மனசுல வச்சிக்காத."

அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் வெளியேறினார். கடைவரை நடந்ததே தெரியவில்லை. கோளாறு இருந்த இடம் பற்றில் இல்லை, வெயிலில் இல்லை. வாராவாரம் அந்த ஒரு சாணில் பிசினாகப் படிந்து கரண்டை மறித்தது அவளுடைய துவா. இவர் உலர்ந்த துணியால் தூசிதான் தட்டியிருக்கிறார். வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் எதை முகர்ந்தாலும் சாம்பிராணி வாசம் என்பதால் மூக்கும் காட்டிக்கொடுக்கவில்லை.

மறுநாள் காலை, அவள் அடுப்படியில் இருக்கும்போது, பழைய கைலித் துணியை ஸ்பிரிட்டில் நனைத்துத் தண்டவாளத்தைத் துடைத்தார். துணி டீ சிந்தியதுபோல் பழுப்பேறியது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வகிதா கதவோரம் நின்றாள். ரயில் கிளம்பியது. பாலம் ஏறியது, வளைந்தது, ஏரியைத் தாண்டியது. அவள் விரல்கள் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தன. அந்த ஒரு சாணில் வண்டி விக்கவில்லை. ஸ்டேஷனில் அவர் நிறுத்தியபோது நின்றது.

வகிதா கிட்டே வந்து தண்டவாளத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு, "இன்னா பண்ணீங்க?" என்றாள்.

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவள் கண்ணைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் பண்ணல. தானா வந்துச்சு."

"தானா எது வரும்?" என்று சொல்லி, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான். "ஷாஹிஸ்தா நம்ம ரூம்ல படுத்துக்கட்டும். ஃபேன் போட்டா ஆச்சு. பலகைக்கு அடியில பாய் விரிச்சா நம்ம ரெண்டு பேருக்கு எடம் கீது."

இப்போதும் வியாழன் மாலையில் அந்தக் கரண்டி உத்திரமேரூரில் நின்று புகைகிறது. அவர் தடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கைலித் துணியோடு குனிந்து அந்த ஒரு சாணைத் துடைத்துவிட்டு, துணியைப் பையில் போட்டுக்கொண்டு ஜும்மாவுக்குப் போகிறார். ஸஜ்தாவில் நெற்றி தரையில் படும்போது பையிலிருந்து மெல்ல வாசம் வருகிறது. அவளுக்காக அவர் கேட்கும் துவா அங்கேதான்.