மேலேயும் கீழேயும் ஒரே நாற்காலி

டீச்சர் கதவைத் திறந்தபோது வாசலில் நின்ற தம்பதி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேல் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள்.

“உத்தரமெல்லாம் தேக்குதான?” என்றார் கணவர்.

பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டே படியேறி வந்த புரோக்கர் சிரித்தார். “சொல்லியிருப்பாங்களே மேடம். வீடு விலைக்கு வந்திருக்கு. கீழ் போர்ஷன் பாத்தாச்சு, இது மட்டும்தான் பாக்கி.”

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்களை வாசலிலேயே விட்டுவிட்டு, கையில் சாக்பீஸோடு மரப்படியில் தடதடவென இறங்கினாள்.

நகரத்தின் பாதுகாக்கப்பட்ட பழைய பகுதி அது. வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். ஜன்னலுக்கு வேறு நிறம் பூசக்கூட அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். மாடியில் டீச்சர் குடித்தனம். கூடத்தில் கரும்பலகை மாட்டி டியூஷன் எடுத்தாள். அவள் கணவருக்குக் கப்பலில் வேலை. கீழே தம்பி குடும்பம்.

தம்பி பாதி முகத்தில் சோப்பு நுரையோடு எதிரே வந்தான்.

“எனக்குத் தெரியாம வீட்ட விக்கிறியாடா?”

“நல்லாருக்கே! நீதான் வித்துட்டேன்னு நான் இங்க கொதிச்சிட்டிருக்கேன். கப்பல்லேருந்து அத்தான் ஐடியா குடுத்தாரா?”

“அவர இழுக்காத. மொதல்ல மூஞ்சியக் கழுவு, பாதி திருடன் மாதிரி இருக்க.”

“சண்ட வேணாங்க,” என்று புரோக்கர் தம்பதியோடு இறங்கி வந்து செல்போனை நீட்டினார். “போட்டோவெல்லாம் ஓனர் அனுப்பினதுதான்.”

முதல் படத்தில் மாடிக் கூடம். கரும்பலகை, பெஞ்சுகள், ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி, அதன் முதுகில் நீலத் துண்டு. அடுத்தது கீழ்க் கூடம். டிவி, மீன்தொட்டி. அங்கேயும் பிரம்பு நாற்காலி, நீலத் துண்டு.

“ஜோடி நாற்காலியா?” என்று ஆசையாகக் கேட்டாள் வாங்க வந்தவரின் மனைவி. “அதையும் சேத்துக் குடுப்பாங்களா?”

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் அப்படி ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு, அப்பாவுடையது.

அம்மா போன பிறகு இருவரும் ஓர் ஏற்பாடு பேசி வைத்திருந்தார்கள். அப்பா ஒரு மாதம் மாடியில், ஒரு மாதம் கீழே. தேதி ஒன்று ஆனால் அவர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இடம் மாறிவிடுவார். “முப்பத்தொண்ணு வர்ற மாசம் மறுபடியும் என் தலையிலயா?” என்று தம்பி ஒருமுறை சொன்னபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். வீடு அவர் பேரில் இருப்பது இருவருக்கும் மறந்தே போயிருந்தது. பாலத்தின் மேல் தினமும் நடப்பவர்களுக்குக் கீழே தண்ணீர் ஓடுவது மறந்துபோவதைப் போல.

தெருக்கதவு திறந்தது. ஓய்வுபெற்ற தபால்காரரான அப்பா செய்தித்தாளும் கையுமாக உள்ளே வந்தார்.

“வந்துட்டீங்களா? மாடியில வெளிச்சம் பிரமாதமா இருக்குமே, பாத்தீங்களா?”

“அப்பா!” என்றாள் டீச்சர். “எங்கள ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?”

“நீங்க ரெண்டு பேரும் மாசக் கணக்கு பேசினப்ப நானும் பக்கத்துலதான உக்காந்திருந்தேன்.” அவர் குரலில் கோபமே இல்லை. யாருடைய கடிதத்தையோ உரியவரிடம் கொடுப்பதுபோல் சொன்னார். “ஸ்டேஷன் பக்கம் ஒரு ரூம் பாத்திருக்கேன். லிஃப்ட் இருக்கு. சட்டைய ஆணியில மாட்டினா மாட்டினதுதான்.”

“நாங்க எங்கப்பா போறது? என் டியூஷன் என்னாகும்?”

“உங்க பங்கு உங்களுக்கு வந்துரும்மா. வேற இடம் பாத்துக்கலாம்.”

தம்பி நுரையைத் துடைத்தான். “அப்பா, இனிமே கீழயே இருந்துருங்க. எப்பவும்.”

“அதெல்லாம் வேணாம், மாடியிலயே இருக்கட்டும்,” என்று முந்திக்கொண்டாள் டீச்சர்.

“அடேங்கப்பா, இப்பதான் என் ஏலம் சூடு பிடிக்குது!” என்று அப்பா வாய்விட்டுச் சிரித்தார். வாங்க வந்தவர்கள் மீன்தொட்டியைக் கவனமாகப் பார்த்தார்கள்.

அந்தப் பெண் நாற்காலியைப் பற்றி அவரிடமும் கேட்டாள். “நாற்காலி மட்டும் விலைக்கு இல்லம்மா. கீழ கொண்டாந்து வச்சிர்றேன்.” அவர் கைப்பிடியைப் பற்றி முதல் படியில் காலை வைத்தார்.

“நீங்க இருங்கப்பா!” டீச்சர் அவரைத் தாண்டி மேலே ஓடினாள்.

இத்தனை காலத்தில் அவள் அந்த நாற்காலியைத் தூக்கியதே இல்லை. பிரம்புதானே என்று நினைத்திருந்தாள். அது இரும்பாய்க் கனத்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறி இறங்கினாள். படி திரும்பும் இடத்தில் நாற்காலியின் கால் சுவரில் போய் முட்டியது. அங்கே ஆழமாக ஒரு கீறல். டியூஷன் பிள்ளைகள்தான் கீறி வைக்கிறார்கள் என்று அவள் எத்தனையோ முறை திட்டித் தீர்த்த கீறல். நாற்காலியின் கால் அதற்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

“அந்தச் சுவர் ஏன் அப்படி இருக்கு?” என்று கீழே அந்தப் பெண் கேட்டாள்.

“பூசிக் குடுத்திரலாம்மா,” என்றார் அப்பா. “சரி, பேசி முடிச்சிரலாமா?”

டீச்சரால் மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை.