வலது காது ஒயர்

1

இந்தக் கதை ஒரு போன் அழைப்பில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு வார இதழின் இணைப்புக்கு வாக்மேன் காலத்தைப் பற்றி அறுநூறு சொற்கள் கேட்டார்கள். "கொஞ்சம் ஏக்கமா இருக்கட்டும் சார்." சரி என்றேன். எழுதிய முதல் வரி:

எண்பதுகளின் இறுதியில், பரங்கிப்பேட்டையில் யார் வீட்டுக்குத் துபாயிலிருந்து யார் வந்தாலும், பெட்டியில் சென்ட் பாட்டிலுக்கும் தைல பாட்டிலுக்கும் நடுவே ஒரு

அங்கேயே விட்டுவிட்டேன். இதை யாரும் எழுதலாம். எழுதியும் விட்டார்கள். இரண்டாவது முயற்சி:

அதற்கு முன் பாட்டு தெருவுக்குப் பொது. கல்யாண வீட்டு ஒலிபெருக்கி எதைப் போட்டதோ அதைத்தான் எல்லோரும் கேட்டாக வேண்டும். சட்டைப் பையில் பெட்டி வந்த பிறகுதான் ஒருவர் தனக்குப் பிடித்ததைத் தானே தேர்ந்து, வெளியுலகத்தை அடைத்துவிட்டு, இரண்டு காதாலும்

இதுவும் நின்றது. இரண்டு காதாலும் கேட்கும் வசதி எல்லோருக்கும் இருக்கிறதா? எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இல்லை. ஏக்கக் கட்டுரையைத் தூக்கிப் போட்டேன். இனி வருவது கோபத்தில் எழுதியது.

2

இளமதி. முப்பத்தெட்டு வயது. சிதம்பரத்தில் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறார். கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரத்தை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை இல்லை. பதினாலு வருடமாகக் காலை எட்டே கால் பஸ்ஸில் தனியாகப் போய்த் தனியாகத் திரும்புகிறார். அதே பஸ்ஸில் வாரம் மூன்று நாள் நானும் போகிறேன். என் குரல் அவருக்குத் தெரியும்.

அவரிடம் கட்டைவிரல் நீளத்தில் ஒரு எம்பி3 பிளேயர் உண்டு. திரை கிடையாது, ஐந்து பொத்தான். "தொட்டா தெரியும் சார். போன்ல என்னா இருக்கு? வழவழன்னு கண்ணாடி. கன்னத்த தடவுற மாதிரி தடவிக்கினே கெடக்கணும்" என்பார். இயர்போனின் வலது பக்க ஒயரை வாங்கிய அன்றே கத்தரிக்கோலால் வெட்டிவிட்டார். இடது காது பாட்டுக்கு. வலது காது பஸ்ஸுக்கு: கண்டக்டரின் குரல், படிக்கட்டுச் சத்தம், பக்கத்தில் வந்து உட்காருபவரின் மூச்சு.

(இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். எந்தப் பாட்டு முடிந்தால் புதுச்சத்திரம், எந்தப் பாட்டு முடிந்தால் ஆலப்பாக்கம் என்று பாட்டுகளை வைத்தே அவர் ஊர்களைக் கணக்கிடுவதாக. அழகான பத்தி. சனிக்கிழமை போனில் படித்துக் காட்டினேன்.

"ஐயோ சார், ரயில்வே கேட் போட்டா பஸ்ஸு இருவது நிமிஷம் நிக்கும். பாட்டு நிக்குமா?"

"இல்ல, கதைக்காக..."

"கண்ணு தெரியாதவ பாட்டு கேட்டா அதுக்கு ஒரு உபயோகம் இருந்தே ஆவணுமா? புடிச்சிருக்கு, கேக்கறேன். அவ்ளோதான்."

பத்தியை நீக்கிவிட்டேன். அது இருந்த இடம் தெரியட்டும் என்றுதான் இந்த அடைப்புக்குறிகள்.)

3

போன வாரம் பிளேயரில் சார்ஜ் நிற்கவில்லை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் கொளஞ்சியிடம் கொடுத்தார், இயர்போனோடு சேர்த்து. வியாழக்கிழமை சாயங்காலம் திரும்ப வாங்கியபோது கொளஞ்சி பெருமையாகச் சொன்னாராம்:

"பேட்டரி புதுசு போட்டுட்டேன்க்கா. அப்பறம் பாரு, ஒரு சைடு ஒயரு அறுந்து கெடந்துது. எவ்ளோ நாளா இத வச்சிக்கினு ஒரு காதுல கேட்டுக்கினு இருந்த? சூடு வச்சு ஒட்டிட்டேன். இனிமே ரெண்டு பக்கமும் ஜோரா கேக்கும்."

வெட்டியது நான்தான் என்று சொல்ல இளமதிக்கு வாய் வரவில்லை. ஒருவர் அவ்வளவு சந்தோஷமாகச் செய்த உதவியை என்னவென்று திருப்பிக் கொடுப்பது?

(கொளஞ்சியை ஒரு அசடாக எழுதிப் பார்த்தேன். அவர் அசடு இல்லை. வெட்டுப்பட்ட ஒயரைப் பார்த்தால் நீங்களும் ஒட்டத்தான் நினைப்பீர்கள். ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றாது.)

வெள்ளிக்கிழமை காலை, பஸ்ஸில், பதினாலு வருடத்தில் முதல் முறையாக அவர் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டார்.

ஓ.டி.யில் கண்டக்டர் இரண்டு முறை கத்தினாராம். பஸ் நின்றது, கிளம்பியது. இளமதி இறங்கவில்லை.

அன்று ஓ.டி.யில் இறங்க வேண்டிய நானும் இறங்கவில்லை. இரண்டு சீட் பின்னால், இந்தக் கட்டுரைக்காகப் பழைய வாக்மேன் விளம்பரங்களைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் ஓ.டி.யைத் தாண்டி, திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில்தான் இறங்கினோம். என் குரலைக் கேட்டதும், "நீங்களுமா சார்?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அலுவலகத்துக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். ஷேர் ஆட்டோவில் இருவரும் திரும்பினோம். அவருக்கு அரைமணி நேரம் தாமதம். எனக்கும்.

4

நான் மாலையில் இதைச் சொன்னபோது என் வீட்டில் சிரித்தார்கள். "வயசாவுது" என்றாள் என் மனைவி. அத்தோடு முடிந்தது.

இளமதி ஆட்டோவில் வந்துகொண்டிருக்கும்போதே அவர் அலுவலகத்திலிருந்து அண்ணன் அறிவழகனுக்குப் போன் போய்விட்டது. முப்பத்தெட்டு வயது ஊழியர் அரைமணி தாமதமானால் வீட்டில் யாரையாவது கூப்பிட்டுச் சொல்லும் வழக்கம் அந்த அலுவலகத்தில் வேறு யார் விஷயத்திலும் இல்லை. நான் விசாரித்தேன்.

அறிவழகனை வில்லனாக ஆரம்பித்தேன்: அறிவழகன் மீசையை முறுக்கியபடி வாசலில்

நிறுத்தினேன். அவர் அப்படி இல்லை. தங்கை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் கூடவே பஸ்ஸில் வந்து ஒவ்வொரு நிறுத்தமாகப் பழக்கியவர். அன்பு நிறையவே உண்டு, அதுதான் சிக்கல். வீட்டில் நடந்ததை இளமதி சனிக்கிழமை போனில் அண்ணன் குரலிலேயே நடித்துக் காட்டினார்.

"பாப்பா, போதும். திங்கக்கிழமையிலேர்ந்து நானே பைக்ல கொண்டாந்து உடறேன். இல்ல, பஸ்ஸுலதான் போவேன்னா அந்த டப்பாவ வீட்ல வச்சிட்டுப் போ. ரெண்டுல ஒண்ணு."

"நீ போன மாசம் விருத்தாசலத்துல எறங்காம தூங்கிக்கினே சேலம் போனியே. உன்ன யாரு பைக்ல உட்டா?"

"அது வேற, இது வேற."

இந்த நாலு சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அதே பஸ்ஸில் நான் போகும் நாளெல்லாம் யாராவது ஒருவர் போனில் படம் பார்த்தபடி நிறுத்தத்தைத் தவறவிட்டு, "அண்ணே அண்ணே, ஆள் எறங்கணும்" என்று அலறுவதைப் பார்க்கிறேன். அது கவனக்குறைவு. இளமதி பதினாலு வருடத்தில் ஒரே ஒரு நாள் தவறவிட்டால் மட்டும் அது சாட்சியம். அண்ணன், அலுவலகம், பக்கத்து வீடு எல்லோரும் அந்தச் சாட்சியத்துக்காகவே காத்திருந்தது போல இருக்கிறது. பாட்டில் மூழ்கிப்போவதை நாம் ஒரு பேறாக எழுதுகிறோம். வாக்மேன் ஏக்கக் கட்டுரைகள் எல்லாம் அதைத்தானே கொண்டாடுகின்றன? மூழ்கவும் சிலருக்குத்தான் அனுமதி.

5

முடிவுகள். எழுதி அடித்தவை:

அ) அறிவழகன் மனம் மாறி, கண்கலங்கி, தங்கையை அவரே பஸ் ஏற்றிவிடுகிறார். (அவர் மனம் மாறினால்தான் இவர் ஏற முடியும் என்றால் அது என்ன முடிவு?)

ஆ) இளமதி கத்தரிக்கோலை எடுத்து ஒயரை மறுபடி வெட்டிக்கொண்டு போகிறார். (வாசகர்கள் கைதட்டுவார்கள். ஒருவர் தன் பாட்டில் பாதியை வெட்டிக்கொண்டால்தான் வேலைக்குப் போகலாம் என்பதற்கா?)

இ) பைக்கின் பின்சீட்டில்

6

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதுவரை எழுதியதை அனுப்பினேன். போனிலுள்ள வாசிப்புக் குரலில், நமக்குப் புரியாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டார்.

"கடைசி இல்லியே சார்?"

"நாளைக்கு என்ன பண்ணப் போறீங்கன்னு சொன்னா எழுதிடுவேன்."



"நாளைக்கு என்னா பண்ணுவேன்னு அண்ணன் கேட்டுது. அண்ணி கேட்டாங்க. ஆபீஸ்ல கேட்டாங்க. இப்ப நீங்க. அன்னைக்கு பஸ்ஸுல கேட்ட பாட்டு எப்பிடி இருந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல."

ஐந்து பகுதி எழுதியிருக்கிறேன், அதில் அந்தக் கேள்வி எங்கேயும் இல்லை. கேட்டேன்.

"ரெண்டாவது சரணத்துல பின்னாடி ஒரு பொம்பள கொரலு வருது சார். வார்த்தையே கெடையாது, சும்மா ஆஆன்னு இழுக்குது. வலது பக்கம் மட்டும்தான் வருது. பதினாலு வருஷமா அந்தப் பொம்பள அங்க பாடிக்கினுதான் இருந்திருக்கா. யாரு இதுன்னு திருப்பித் திருப்பிப் போட்டேன். மத்த பாட்டுல இன்னும் யாரு யாரெல்லாம் இருக்காங்களோன்னு..." நிறுத்தினார். "நானூறு பாட்டு சார். ரெண்டு காதுலயும் வச்சு பத்துதான் கேட்டிருக்கேன்."

திங்கட்கிழமையை நான் எழுதவில்லை. சிதம்பரத்தில் எட்டே கால் பஸ்ஸில், இடப்பக்கம் மூன்றாவது ஜன்னலோரத்தில் அவரை உட்கார வைக்கவோ, அந்த இடத்தைக் காலியாக விடவோ உங்களுக்கு உரிமை இருப்பதாக நினைத்தால் நீங்களே செய்துகொள்ளுங்கள். எனக்கு இல்லை.