வீட்டுப் பக்கம்

தம்பிக்கு நாற்பத்தாறு வயது. காதோரம் நரைத்துவிட்டது, மூக்கில் கண்ணாடி ஏறிவிட்டது. ஆனாலும் அந்தக் கடைத்தெருவில் குழந்தை முதல் கிழவர் வரை எல்லோருக்கும் அவர் தம்பிதான். காரணம் அண்ணன். இருபத்தைந்து வருஷம் அண்ணனின் இரும்புப் பட்டறையில் சம்மட்டி பிடித்தவர், இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாய்த்தகராறு முற்றித் தனியே வந்து பட்டறை போட்டுவிட்டார். "நீ தனியா ஒரு கேட்டை உருப்படியா மாட்டிக் காட்டு, அப்புறம் பேசறேன்" என்று அண்ணன் அன்றைக்குச் சொன்னதோடு சரி. பேச்சுவார்த்தை நின்றது. அந்தச் சொல் மட்டும் தம்பியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, துருப்பிடித்த ஷட்டர். கேட் என்று ஒன்றும் வரவில்லை. கடைசியில் டீச்சர் வந்தார். "பாக்க அழகா ஒரு கேட் வேணும் தம்பி. நாள் ஆனாலும் பரவாயில்லை" என்றார். இப்படிச் சொல்கிற ஆள் கிடைப்பது லேசா?

மூன்று மாதம் தம்பி வேறு எதையும் தொடவில்லை. இரண்டு கதவிலும் அடியிலிருந்து ஒரு கொடி கிளம்பி, சுருண்டு சுருண்டு மேலே போய், நடுவில் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். சுருள்கள் சேருகிற இடத்தில் வெல்டிங் வைக்கவில்லை. பழுக்கக் காய்ச்சிய சிறு பட்டையைச் சுற்றி இறுக்கினார். ஒவ்வொரு இலையிலும் உளியால் நரம்பு கீறினார். அத்தனையும் முன்பக்கத்துக்குத்தான். பின்பக்கம் வெறுமை. பட்டையின் மூட்டுகளும் இலையின் குழிந்த முதுகும்தான் தெரியும். அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

மாட்டுகிற சனிக்கிழமை பார்த்து அவருக்குக் காய்ச்சல். புதிதாகச் சேர்ந்த இரண்டு ஆட்கள் போய் மாட்டிவிட்டு வந்தார்கள். திங்கட்கிழமை காலை தாழ்ப்பாள் பொருத்தப் போன தம்பி தெருமுனையிலேயே நின்றுவிட்டார். தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்தது கேட்டின் முதுகு. மூட்டுகள் அத்தனையும் வெளியே.

"என்னடா பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று கூட வந்த ஆட்கள் மேல் பாய்ந்தார்.

"நீங்கதானே சாக்பீஸ்ல 'வீ'ன்னு எழுதியிருந்தீங்க?" என்றான் ஒருவன். "வீதிப் பக்கம் வெச்சுட்டோம்."

"வீன்னா வீடுடா! வீட்டுப் பக்கம்!"

"அப்படின்னு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அண்ணன் பட்டறையில் பின்பக்கத்தில் 'வீ' போடுவது காலகாலமான வழக்கம்; அங்கே யாருக்கும் யாரும் சொன்னதில்லை. அந்த ஒற்றை எழுத்தைத் தன்னோடு கொண்டுவந்தவர், அர்த்தத்தைக் கொண்டுவர மறந்துவிட்டார். யாரைத் திட்டுவது?

இதில் இன்னொரு கொடுமை. எதிர்வீட்டுக்கு அளவெடுக்க அண்ணன் பதினொரு மணிக்கு வருகிறாராம். இப்போது பத்தரை. கதவுகளைக் கழற்றி இடம் மாற்றித் திருப்பிப்போட அரை மணி நேரம் போதும். ஆட்களைத் தயாராக நிற்கச் சொல்லிவிட்டு, டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்ல உள்ளே ஓடினார்.

முன்னறை ஜன்னலோரம் கட்டில். அதில் டீச்சரின் வீட்டுக்காரர். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷர், எட்டு மாதமாக வாதத்தில் படுத்துவிட்டார். பேச்சு இல்லை, வலது பக்கம் அசைவு இல்லை. அவர் ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு மாசமா சுவரைப் பாத்துத்தான் படுத்திருந்தார். திருப்பினா கத்துவார்" என்றார் டீச்சர். "சனிக்கிழமை சாயங்காலம் அவரா கையைக் காட்டித் திருப்பச் சொன்னார். அதுலேர்ந்து இப்படியேதான். விரலைப் பாருங்க."

இடது கையின் ஆள்காட்டி விரல் போர்வை மேல் நகர்ந்துகொண்டிருந்தது. கொடியோடு ஏறியது. சுருளுக்குள் போய்ச் சுற்றி வெளியே வந்தது. பட்டை வந்த இடத்தில், கியர் மாற்றுகிறவர்போல ஒரு கணம் நின்று மேலே போனது. மூன்றாவது இலையில் மட்டும் விரல் முன்னும் பின்னுமாகத் தடுமாறியது. தம்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த இலையில் உளி வழுக்கி நரம்பு ஒரு நூலளவு கோணியிருந்தது. செய்தவருக்கு மட்டுமே தெரியும் என்றல்லவா நினைத்திருந்தார்! இத்தனை வருஷத்தில் தன் வேலையை ஒருவர் இப்படிப் பார்த்து அவர் பார்த்ததில்லை.

"ஏதோ திருப்பணும்னு வெளியே பேசிக்கிட்டீங்களே" என்றார் டீச்சர். "உங்க வேலை. உங்களுக்கு எது சரியோ செய்யுங்க."

பின்பக்கத்திலும் கொடி தெரியத்தானே செய்யும் என்று ஒரு நொடி மனசு சாக்குச் சொல்லிப் பார்த்தது. தெரியும். ஆனால் நரம்பு தெரியாது, பட்டையின் முகம் தெரியாது. தெருவில் போகிறவன் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போவான். இவர் எங்கே போவார்?

"இருக்கட்டும் டீச்சர்" என்றார் தம்பி. வெளியே வந்து ஆட்களைப் போகச் சொல்லிவிட்டார். தாழ்ப்பாளைப் பொருத்த ஆரம்பித்தார்.

அண்ணனின் ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கியவர் எதிர்வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை; நேரே கேட்டுக்கு முன்னால் வந்து நின்றார். சிரிப்பார் என்று தம்பி பயந்தார். அவர் சிரிக்கவில்லை. கம்பிக்குள் கையை விட்டு முன்பக்கத்தைத் தடவினார். ஒவ்வொரு இலையாக, நிதானமாக. பிறகு கையை எடுத்தார்.

"வேலை நல்லா இருக்கு" என்றார். "ஆளுங்க திருப்பி மாட்டிட்டாங்களா?"

இரண்டு வருஷம் கழித்து முதல் பேச்சு. தம்பி தலையை மட்டும் ஆட்டினார்.

அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டார். "வா, நான் ஒரு பக்கம் பிடிக்கறேன். நாலு பேரு பாக்கறதுக்குள்ள திருப்பிடலாம்."

இதற்காகத்தானே இரண்டு வருஷமாக ஏங்கிக் கிடந்தார்? தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்ணே. இப்படியே இருக்கட்டும்."

"உனக்கென்ன பைத்தியமா? பாக்கறவன் காறித் துப்புவான். நம்ம பட்டறைல வேலை கத்துக்கிட்டவன்னு வெளியே சொல்லிடாதே."

"சொல்லலை."

"வீம்பு. அன்னைக்கும் இதே வீம்புதான்." அண்ணனின் முகம் சிவந்தது. கேட்டை நடுவில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது ஜன்னலிலிருந்து டீச்சரின் குரல் வந்தது. "தம்பி, அவரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. பின்னாடி ஆள் நின்னா இவருக்குக் கொடி தெரியலை."

அண்ணன் கம்பிகளுக்கு ஊடே நிமிர்ந்து பார்த்தார். ஜன்னல், கட்டில், கட்டிலில் கிடந்து கேட்டையே பார்க்கிற முகம். வெகுநேரம் பார்த்தார்.

அண்ணன் கேட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, சத்தமில்லாமல் தள்ளி நின்றார்.