லோகு கொடுத்த வால்வு

ஐந்தாவது ஃபியூஸும் போனது. சுவிட்சைத் தட்டியதும் ‘டப்’பென்று ஒரு சத்தம், மீட்டர் முள் எகிறி விழுந்தது, அவ்வளவுதான். கிறிஸ்டி ஸ்க்ரூடிரைவரை மேசைமேல் எறிந்தாள். பெருங்களத்தூர் ஃபிளாட்டின் அந்தச் சின்ன அறையில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக இதே கதை. ஹாம் ரேடியோவில் தன் குரலைக் கடல் தாண்டிக் கொண்டுபோக அவளே கட்டிய ஆம்ப்ளிஃபையர் அது. உள்ளே இருந்த பெரிய கண்ணாடிக்குழல் வால்வு வலுவிழந்துபோனதால், கோவிலம்பாக்கத்தில் பழைய ரேடியோ சாமான் விற்கும் லோகுவிடம் வேறொன்று வாங்கிப் பொருத்தினாள். பெட்டியைத் திறந்த கையோடு, சந்தேகமாகத் தெரிந்த ஒரு கெப்பாசிட்டரையும் கழற்றிவிட்டுத் தன் டப்பாவிலிருந்து ஒன்றைப் போட்டாள். அன்றிலிருந்துதான் இந்தத் தொல்லை.

வால்வுதான் கோளாறு என்று முதல் நாளே தீர்மானித்துவிட்டாள். லோகுவைப் போனில் கூப்பிட்டுக் கத்தினாள். ஹாம் நண்பர்கள் நூற்றைம்பது பேர் இருக்கும் வாட்ஸப் குரூப்பில், ‘லோகுவிடம் யாரும் வால்வு வாங்காதீர்கள், டூப்ளிகேட்’ என்று எழுதியும்விட்டாள்.

கணவன் எலியேசர் டீயோடு வந்து நின்றான்.

“அந்த வால்வக் கழட்டிட்டு ஆன் பண்ணிப் பாத்தியா?”

“உனக்கு இதுல என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. மிக்ஸி ஓடலன்னா ஜார எடுத்துட்டுப் பாப்போம்ல, அதான் கேட்டேன்.”

அவன் சொன்னது சரி என்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் லேபில் வருடம் முழுக்க அவள் சொல்வதும் இதைத்தான். சந்தேகப்படுகிற பொருளை முதலில் விலக்கிப் பார். பிளக்கைப் பிடுங்கி, உள்ளே தேங்கிய மின்சாரத்தை எர்த் கம்பியால் இறக்கி, வால்வை உருவி எடுத்தாள். ஆறாவது ஃபியூஸைப் போட்டாள்.

‘டப்.’

வால்வே இல்லை, ஆனாலும் ஃபியூஸ் போயிருந்தது. பிறகு, தான் போட்ட கெப்பாசிட்டரைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். மல்ட்டிமீட்டரில் நல்லதென்று காட்டியதுதான். பீங்கான் உடம்பில் மயிரிழைபோல ஒரு விரிசல். ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறும்போது மின்சாரம் அதன் வழியே பாய்ந்திருக்கிறது. பழையதையே திரும்பப் போட்டு, லோகுவின் வால்வையும் மாட்டினாள். ஃபியூஸ் போகவில்லை. பவர் முன்னைவிட அதிகமாகவே வந்தது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

“லோகு அண்ணா, பெருங்களத்தூர் கிறிஸ்டி பேசறேன்.”

“சொல்லுங்க மேடம்.”

“வால்வு நல்லாத்தான் இருக்கு. நான் போட்ட பார்ட்லதான் கோளாறு. சாரிண்ணா.”

“அதத்தான் அன்னிக்கே சொன்னேன். நீங்க காதுல வாங்கல.” குரல் உயரவில்லை. “என்னாண்ட சாரி சொல்லி இன்னா ஆவப்போவுது மேடம்? மூணு வாரமா ஒரு போன் வர்ல. எங்க போட்டீங்களோ அங்கியே போடுங்க.”

‘ஒரு சிறு தவறு நேர்ந்துவிட்டது’ என்று குரூப்பில் தொடங்கி, அழித்தாள். மறுபடி எழுதினாள். ‘லோகு கொடுத்தது அசல் வால்வு. கோளாறு என் கெப்பாசிட்டரில். சோதிக்காமல் அவர்மேல் பழி போட்டேன். மன்னியுங்கள்.’ அனுப்பினாள்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. சற்று நேரத்தில் யாரோ தன் மொட்டைமாடி ஆன்டெனாவைப் படமெடுத்துப் போட்டார். அதற்குக் கட்டைவிரல்கள் குவிந்தன. உயரம் எவ்வளவு என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் பதில் சொல்ல, அவள் எழுதியது மெல்ல மேலே நகர்ந்து திரையை விட்டுப் போனது. விரலால் அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு கிறிஸ்டி உட்கார்ந்திருந்தாள்.