ஒரே சட்டை

"அண்ணே, இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் பழசாக்கணும்," என்றார் நடிகரின் மேனேஜர். வாசலில் அவருடைய கார் எஞ்சினும் ஏசியுமாக ஓடிக்கொண்டே நின்றது.

தையல்காரருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பழசைப் புதுசாக்கித் தரச் சொல்லித்தான் ஊரே வரும். புதுசைப் பழசாக்கக் கேட்டு வருவது இந்த ஒரு வீடுதான்! வீட்டுக்காரர் பெரிய நடிகர். பூமியைக் காப்பாற்ற வருஷக்கணக்காக ஒரே நீலச் சட்டையோடு வாழ்கிறேன் என்று டிவியில் கண்கலங்கியவர். ஜனங்கள் 'ஒத்தச்சட்டை' என்றே செல்லப்பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் ஒருமுறை வியர்த்த சட்டையை மறுபடி தொடமாட்டாராம் மகராசன். கூட்டத்துக்குக் கூட்டம் புதுச்சட்டை. அதன் காலரைக் கல்லால் தேய்த்து, சாயம் வெளிறத் துவைத்து, போன கூட்டத்துப் போட்டோவைப் பார்த்து முழங்கையில் அதே இடத்தில் ஒட்டுப் போட்டுக் கொடுப்பது இவர் வேலை.

"இதுக்கு மேல தேச்சா கிழிஞ்சுடும் சார்."

"நாளைக்கு மேடையில சார் பக்கத்துல ஒரு காலேஜ் பொண்ணு நிக்கப் போகுது. சாரைப் பார்த்து அதுவும் வருஷம் பூரா ஒரே சட்டையாம், பச்சைக் கலரு. அதைவிடச் சாரோடது பழசாத் தெரிய வேணாமா?"

சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது. அந்தப் பெண் தையல்காரரின் சொந்த மகள்.

கூடப் படிப்பவர்கள் 'யூனிஃபார்ம்' என்று கேலி செய்து அவள் அழுதுகொண்டு வந்த நாட்கள் உண்டு. "அவரால முடியுதுல்ல, என்னால முடியாதா?" என்று தானே கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஒவ்வொரு தடவையும் உண்மை இவர் நுனிநாக்கு வரை வரும். வெளியே தெரிந்தால் நல்ல வாடிக்கை கைவிட்டுப் போகுமே என்று விழுங்கிவிடுவார். அதுதான் நிஜம், மற்றதெல்லாம் சாக்கு.

"முடிச்சுடுறேன் சார்," என்று மேனேஜரை அனுப்பிவிட்டு, கல்லை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தார்.

"அப்பா, தோள்ல தையல் விட்டுப்போச்சு. நாளைக்கு மேடையில..."

மாடியிலிருந்து இறங்கி வந்த மகள், கையில் பச்சைச் சட்டையோடு அப்படியே நின்றாள். மேசையில் ஒட்டுப் போட்ட நீலச் சட்டை ஒன்று, ஒட்டுப் போடாத புதுச்சட்டை இரண்டு, பக்கத்தில் நடிகரின் போட்டோ. தையல்காரர் வீட்டுப் பெண்ணுக்கு இதற்கு மேல் யார் சொல்ல வேண்டும்?

"ஊருக்குத்தான் உபதேசம் கண்ணு," என்று சிரிக்கப் பார்த்தார். "பெரிய மனுஷங்க எல்லாம் இப்படித்தான்."

அவள் சிரிக்கவில்லை.

"அவரு ஊரை ஏமாத்தினாருப்பா. நீ என்னை ஏமாத்தியிருக்கே."

அவர் கல்லைக் கீழே வைத்தார்.

"குடும்மா, தச்சுத் தரேன்," என்று கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஊசியில் நூலைக் கோத்தாள்.

"நாளைக்கு... போகலையா?"

"போவேன். என்னோடது நிஜமாவே கிழிஞ்சதுதானே."

அவளுக்குத் தையல் வராது. கோணல்மாணலாகப் போய்க்கொண்டிருந்தது. இப்படிப் போடு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.