பிடித்துக்கொள்ள இரண்டு பேர்

ஊர் மன்றத்தில் அன்று உட்கார இடமில்லை. குப்பை வண்டி எந்தக் கிழமை வரவேண்டும் என்ற சண்டைக்கு மட்டுமே கூட்டம் சேருகிற ஊர் அது. இன்று, குண்டுக்குப் பதில் மின்சாரம் பாய்ச்சி ஆளை விறைக்கவைக்கும் ஷாக் துப்பாக்கிக்காகச் சேர்ந்திருந்தது. ஊர் போலீசில் இரண்டு பேர் இடுப்பில் மட்டும் தொங்கும் அந்தச் சாமானை இனி எல்லோர் இடுப்பிலும் மாட்டலாமா, வேண்டாமா என்று கவுன்சில் இன்று முடிவு செய்யும். வெளியே பனி விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஈரக் கோட்டுகளின் நாற்றமும் ஆறிப்போன காப்பியின் நாற்றமும் கலந்து கிடந்தன.

முன்வரிசையில் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள் கார்ப்பரல் ரோண்டா பாவ்லக். போன பிப்ரவரியில் டேல் தோர்டார்சனை ஷாக் துப்பாக்கியால் சுட்டது அவள்தான். ஆனால் ஊரில் அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. நிஜத் துப்பாக்கியால் சுட்டிருக்க வேண்டிய மனிதனை ஷாக்கோடு விட்டாள், ஓர் உயிரைக் காப்பாற்றினாள் என்றே சொல்லி அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். பெட்ரோல் போடப் போனால் முதுகில் தட்டினார்கள். அந்தத் தட்டலுக்குப் பயந்தே அவள் இப்போதெல்லாம் பக்கத்து ஊரில் பெட்ரோல் போட்டுக்கொள்கிறாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த போலீஸ் சீஃப் கார்ட் ஹெப்னர் அவள் காதருகே குனிந்தார்.

"ஒரே ஒரு கேள்விதான் வரும். அது இல்லேன்னா சுட்டிருப்பியான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லிட்டு உக்காந்துடு. கதை அளக்காதே."

"சரி, சீஃப்."

"மூஞ்சி ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

சாப்பிடவில்லை. சீஃப் கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அவள் அப்பா இறந்தபோது சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர் அவர். டேல் விழுந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரு தலைவலியும் வராமல் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். அவருக்கு வேண்டியதெல்லாம் இன்று அவள் வாயிலிருந்து ஒரு 'ஆமா'.

கூட்டத்தில் வாக்குவாதம் சூடுபிடித்திருந்தது. மாட்டுப் பண்ணைக்காரர் ஹார்வி எழுந்து நின்றார்.

"எங்க வேலியில கூடத்தான் கரண்டு ஓடுது. இத்தனை வருஷத்துல ஒரு மாடு செத்ததில்ல."

"உங்க மாடு சிமெண்ட் படிக்கட்டு மேல ஏறி நிக்கறதில்லையே, ஹார்வி" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

கூட்டம் சிரித்தது. ரோண்டாவால் சிரிக்க முடியவில்லை. டேல் விழுந்தது அப்படியொரு படிக்கட்டிலிருந்துதான்.

போலீசில் ஒரு வழக்கம் உண்டு. ஷாக் துப்பாக்கி யார் கைக்குப் போகிறதோ, அவர் முதலில் அதன் அடியை வாங்கியாக வேண்டும். சட்டம் ஒன்றும் அப்படிச் சொல்லவில்லை. வாங்காதவரை மற்றவர்கள் மதிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். பயிற்சிக் கூடத்தில் மெத்தை விரிப்பார்கள். ஆளுக்கொரு பக்கமாக இரண்டு சகாக்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள், பின்னாலிருந்து ஒருவர் முதுகில் சுடுவார். மற்றவர்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். ரோண்டாவின் முறை வந்தபோது வலது கையைப் பிடித்தவர் சீஃப். பாதிரியார் காதில் விழக்கூடாத ஒரு வார்த்தையை அவள் அலறினாள். அந்த வீடியோவைக் கிறிஸ்துமஸ் விருந்துதோறும் போட்டுக் காட்டி ஓட்டுவார்கள். ஐந்து விநாடி. பிறகு இருவரும் கைக்குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் அவளை மெத்தையில் கிடத்தினார்கள். அவள் எழுந்து சிரித்தாள். ஐந்து விநாடி வலிக்கும், பிறகு எழுந்து சிரிக்கலாம் என்பதுதான் அவள் மனதில் பதிந்தது. பிடித்திருந்த கைகளை மனம் கணக்கில் சேர்க்கவில்லை.

டேல் கர்லிங் அரங்கத்தில் ஐஸ் தரை போடுகிறவராக இருந்தவர். ஐஸ் மேல் கல்லைத் தள்ளிவிட்டு, அதற்கு முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுகிற ஆட்டம் அது. அந்த ஊரில் குளிர்காலத்தில் அதை விட்டால் வேறு பிழைப்பில்லை. ஆட்டம் முடிந்து யார் வெளியே வந்தாலும் டேல் வாசலில் நின்று "ஜெயிச்சியா?" என்று கேட்பார். தோற்றேன் என்றால், "ஐஸ் சரியில்ல, என்னைத் திட்டிக்கோ" என்பார். மனநோய்க்கான மாத்திரையை நிறுத்திவிடுகிற நாட்களில் மட்டும் எதையாவது மனதில் போட்டுக்கொண்டு எங்காவது போய் நின்றுவிடுவார், நகர மாட்டார். பழைய சார்ஜென்ட் வால்ட் இருந்தவரை அது ஒரு பிரச்சினையே இல்லை. இரண்டு காப்பி வாங்கிக்கொண்டு பக்கத்தில் போய் நிற்பார். ஏரியில் எந்த மீன் கடிக்கிறது என்று பேசிக்கொண்டே இருப்பார். குளிர் தாங்காமல் டேலே இறங்கி வந்துவிடுவார்.

வால்ட் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்தச் சனிக்கிழமை மத்தியானம், பனி தள்ளும் மண்வெட்டியோடு டேல் அரங்கத்தின் வாசல் படிக்கட்டு உச்சியில் நின்றுகொண்டு, ஐஸ் இன்னும் சரியாகவில்லை, யாரும் உள்ளே போகக்கூடாது என்றார். நாலு மணிக்கு இறுதி ஆட்டம். ரோண்டாதான் தன் அணிக்குத் தலைவி. வேலை முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. சீருடைக்குள் ஆட்டத்துக்கான பனியனைக்கூடப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். டேலிடம் நயமாகச் சொல்லிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். அவர் மண்வெட்டியைக் கதவுக்குக் குறுக்கே பிடித்தார். ஓங்கினார் என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். ஓங்கவில்லை. குறுக்கேதான் பிடித்தார்.

அவள் சுட்டாள். உடம்பு விறைத்து, கையை ஊன்றக்கூட முடியாமல், பலகை சாய்வதுபோல் டேல் சாய்ந்தார். அந்தச் சத்தம் இன்னும் அவள் காதில் இருக்கிறது. ஆம்புலன்ஸ் வந்தது, சீஃபும் வந்தார். "மூச்சு நல்லாத்தான் இருக்கு, தலையில ஒரு புடைப்பு, அவ்வளவுதான். நான் பாத்துக்கறேன், நீ உள்ள போ, உன் டீம் பசங்க காத்துட்டிருக்காங்க" என்றார். ரோண்டா உள்ளே போனாள்.

மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்று ராத்திரிதான் தெரிந்தது. இப்போது டேலின் வலது கை எழும்புவதில்லை. வார்த்தை ஒவ்வொன்றும் தட்டித் தடுமாறி வருகிறது. ரோண்டா ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. ஒருநாள் உருளைக்கிழங்கு வைத்துப் பெரகிக் கொழுக்கட்டை செய்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசல்வரை போனாள். இறங்கத் தைரியமில்லாமல் வண்டியைத் திருப்பி, ஏரிக்கரையில் நிறுத்தி, அழுதுகொண்டே அத்தனையையும் தானே தின்று தீர்த்தாள். தன்மேல் அவளுக்கு அவ்வளவு அருவருப்பு எப்போதும் வந்ததில்லை.

மன்றத்தின் கதவு திறந்தது. டேலின் தங்கை இங்கா அவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து கடைசி வரிசையில் உட்காரவைத்தாள். இங்கா யாரையும் பார்க்கவில்லை. டேல் மட்டும் தலைகளுக்கு நடுவே தேடி ரோண்டாவைக் கண்டுபிடித்து, இடது கையைத் தூக்கி ஆட்டினார். முகத்தில் பழைய சிரிப்பு. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"கார்ப்பரல் பாவ்லக்" என்று கூப்பிட்டார்கள்.

அவள் மைக் முன் போய் நின்றாள். கேட்டது கவுன்சிலர் பெர்னிஸ் லவாலே, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். ரோண்டாவையும் அந்தப் பேருந்தில் ஏற்றி இறக்கியவள்.

"சுத்தி வளைக்காம கேக்கறேன், ரோண்டா. அன்னிக்கு அது உன் கையில இல்லேன்னா, டேலைத் துப்பாக்கியால சுட்டிருப்பியா?"

தொண்டை வரை வந்துவிட்டது அந்த 'ஆமா'. சொன்னால் போதும். சீஃப் மகிழ்வார், ஊர் முதுகில் தட்டும், சாகும்வரை பக்கத்து ஊரில் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம். கடைசி வரிசையில் டேல் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார், மேடையில் திணறுகிற பிள்ளைக்குச் 'சொல்லு, சொல்லு' என்பதுபோல்.

"இல்ல" என்றாள் ரோண்டா.

சீஃப் இருமினார். "கேள்வி சரியா காதுல விழுந்துச்சான்னு பாரும்மா."

"விழுந்துச்சு, சீஃப். துப்பாக்கிப் பக்கம் என் கையே போகல. ஷாக் இல்லேன்னாலும் போயிருக்காது."

"அப்ப என்ன பண்ணியிருப்பே?" என்றாள் பெர்னிஸ்.

"காத்திருந்திருப்பேன். ரெண்டு காப்பி வாங்கிட்டு வந்து பக்கத்துல நின்னிருப்பேன். வால்ட் அப்படித்தான் பண்ணுவாரு. அதுதான் எல்லாருக்கும் தெரியுமே."

"பின்ன ஏன் பண்ணல?"

"நாலு மணிக்கு ஆட்டம் இருந்துச்சு."

ஹார்வி தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ரோண்டாவின் குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"என்னைச் சுட்டப்ப ரெண்டு பேர் புடிச்சுக்கிட்டாங்க. கீழ மெத்தை போட்டிருந்தாங்க. டேலைப் புடிச்சுக்க யாருமில்ல. எனக்கு அது தோணவே இல்ல. அஞ்சு விநாடிதானே, எந்திரிச்சு சிரிச்சிடுவாருன்னு நெனச்சேன். எல்லாருக்கும் குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். ஆனா நான் உயிரைக் காப்பாத்தினேன்னு மட்டும் இனிமே யாரும் சொல்லாதீங்க. எனக்கு அவசரம். அதான் சுட்டேன்."

சீஃப் மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. டேல் எழ முயன்றார். இங்கா அவர் தோளை அழுத்தி, "வேணாம்ணா, உக்காரு" என்றாள். அவர் உட்கார்ந்தார், ஆனால் வாய் எதையோ தேடிக்கொண்டிருந்தது. மன்றம் முழுவதும் திரும்பி அவருக்காகக் காத்திருந்தது. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை என்பதுபோல் காத்திருந்தது.

"ரோண்டா" என்றார். மூச்சு வாங்கினார். "அன்னிக்கு... ஜெயிச்சியா?"

அதில் குத்தல் இல்லை. அந்த வாசலில் நின்று எல்லோரையும் கேட்கிற அதே கேள்விதான்.

ரோண்டா மைக்கின் தண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜெயிச்சோம், டேல்."

அவர் முகம் மலர்ந்தது. கைதட்டப் பார்த்தார். வலது கை வரவில்லை. இடது கையால் தன் தொடையில் தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.